இரண்டு உறைகளில் ஒரு குரல்

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குத் ‘தொகை’ பழகிய சொல். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று நமக்குக் கிடைக்கும் பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஔவையார் அகமும் பாடினார், புறமும் பாடினார். அவருடைய எந்தப் பாட்டு எந்தத் தொகையில் சேர வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் வேறு யாரோ. கேசட் காலத்து ‘ஹிட்ஸ்’ தொகுப்புகளையும் நான் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். பாடியது யார், பிரித்து அடுக்கியது யார், அதில் பணம் பார்த்தது யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு குரல் உண்டு. திருவேற்காடு கருமாரியம்மனும் மாங்காடு காமாட்சியம்மனும் இருக்கிற வட்டாரம் இது. ஆடி மாதம் தெருமுனைக் கோயிலில் கூழ் வார்க்கிற அன்று, சவுண்டு சர்வீஸ்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் எல்.ஆர். ஈஸ்வரி பாடத் தொடங்கிவிடுவார். வேப்பிலை கட்டும் பெண்களும், எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போகப் பேருந்துக்கு நிற்கும் பெண்களும் அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

ஈஸ்வரி கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் சினிமாவில் குழுப்பாடகி. மகளும் அம்மாவோடு கோரஸில் நின்றுதான் தொழிலுக்கு வந்தார். 1958இல் வந்த ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிக்குரலாக வாய்ப்புக் கொடுத்தார். 1961இல் ‘பாசமலர்’ திருமணப் பாட்டு அவரை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. ‘பணமா பாசமா’வில் (1968) தெருவில் பழம் விற்பவளின் குரல், ‘சிவந்த மண்’ணில் (1969) சவுக்கடிக்கு நடுவே பாடும் குரல், ‘வெள்ளி விழா’வில் (1972) காதருகே பேசுவது போன்ற தணிந்த குரல். இடையே, சினிமாவுக்கு வெளியே, அம்மன் பாடல்கள்.

இத்தனையும் கேசட்டுக்கு வந்தபோது இரண்டு உறைகளில் வந்தன. ஒன்றில் அம்மன் படம், மஞ்சளும் குங்குமமும். மற்றொன்று சினிமா ஹிட்ஸ். அதன் பெயரைச் சொன்னாலே ‘கிளப் டான்ஸ் பாட்டு’ என்று முகம் சுளிக்கும் வீடுகள் இருந்தன. முதலாவது பூஜை அறைக்குப் போயிற்று. இரண்டாவது, ஆண்கள் கூடும் இடங்களில் ஒலித்தது. இரண்டிலும் இருப்பது அதே அடித்தொண்டை வீச்சு, தாளத்தை முன்னால் நின்று இழுக்கிற அதே துணிச்சல். அந்தக் குரலுக்கு அம்மன் முன்னால் தலைமுடி அவிழ்ந்து ஆடும் பெண்ணைத் தெரு கும்பிடுகிறது. அதே குரலின் சினிமாப் பாட்டுக்கு அவள் கல்யாண வீட்டில் ஆடினால் வீட்டுக்கு இழுத்துப்போகிறது. தெருவுக்குப் பெண்ணின் ஆட்டம் பிரச்சினை இல்லை. அவள் தன் பெயரில் ஆடுவதுதான் பிரச்சினை. சாமியின் பெயரில் ஆடினால் அனுமதி உண்டு.

பணத்தின் கதையும் இதற்கு இணையானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கு ராயல்டி கேட்டபோது முகமது ரஃபியே அதற்கு உடன்படவில்லை. நிகழ்த்துவோர் உரிமை 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. அதுவும் படத்தில் சேர்க்கச் சம்மதித்துவிட்டால் அங்கேயே முடிந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையைச் சட்டம் எழுதியது 2012இல். அதற்குள் இசைத்தட்டு போய், கேசட் போய், சிடியும் போய்க்கொண்டிருந்தது. பாடிய அன்று கிடைத்த கூலிக்குப் பிறகும், தொகுப்பு மட்டும் திரும்பத் திரும்ப விற்றது.

ஆனாலும் தொகுக்கும் அதிகாரம் முழுக்கக் கம்பெனிகளிடம் இருந்துவிடவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடைத்தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டையும் ஒரு பட்டியலையும் கொடுத்தால், கேட்ட வரிசையில் பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு அடங்கும். கடைக்குப் போனவர் பெரும்பாலும் அண்ணனோ தம்பியோதான். ஆனால் நோட்டுத்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்த பெண்கள் பலர். அவர்களுடைய கேசட்டில் அம்மன் பாட்டு முடிந்ததும் ‘வெள்ளி விழா’ வரலாம். கம்பெனி போட்ட கோடு அங்கே செல்லாது.

என் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் அந்தப் பட்டியலைக் கேட்டு எழுதுங்கள். எந்தப் பாட்டைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்க ஆசைப்பட்டும் எழுதாமல் விட்டார்கள், யாருக்குப் பயந்து விட்டார்கள் என்றும் கேளுங்கள். பெண்கள் தாங்களே தொகுத்த தொகைகள் அவை. நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.