இறைச்சி ஏற்றுமதி: பெட்டியில் 'ஹலால்' என்று அச்சிட்டால் போதுமா?

வளைகுடாவிலும் மலேசியாவிலும் உள்ள உறவினர்களை நம்பி இறைச்சி ஏற்றுமதியில் இறங்க எண்ணுபவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அறுப்பவர் முஸ்லிம், அல்லாஹ்வின் பெயர் கூறி முறைப்படி அறுக்கிறார். பிறகென்ன தடை என்று கேட்கிறார்கள். மார்க்கப்படி ஹலாலாக இருப்பது ஒன்று. அதை ஆவணத்தோடு நிரூபிப்பது மற்றொன்று. இரண்டாவது இல்லையென்றால் துறைமுகத்திலேயே சரக்கு நின்றுவிடும். உறைநிலையில் உள்ள இறைச்சிக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் செலவுதான்.

முதலில் இந்தியாவின் விதிகளைப் பார்ப்போம். பசு, காளை, கன்று இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. எருமை இறைச்சியை எலும்பு நீக்கியே அனுப்பலாம். ஏற்றுமதியாளருக்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். அபீடாவில் பதிவும் வேண்டும். அறுப்பிடமும் பதப்படுத்தும் ஆலையும் அபீடாவில் பதிவானவையாக இருக்க வேண்டும். அறுப்புக்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, சுகாதாரச் சான்று வழங்க வேண்டும்.

அடுத்தது ஹலால் சான்று. முன்பு பல அமைப்புகள் தத்தம் முறையில் சான்று வழங்கி வந்தன. 2024 அக்டோபர் 16 முதல் நிலைமை மாறியுள்ளது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட 15 நாடுகளுக்கு 'ஹலால்' என்ற பெயரில் இறைச்சி அனுப்ப, ஐ-காஸ் ஹலால் திட்டத்தின்படி சான்று பெற்ற ஆலையில்தான் அது தயாராகிப் பொதியப்பட்டிருக்க வேண்டும். சான்று தரும் அமைப்பும் இந்தியத் தரக் குழுமத்தின் அங்கீகார வாரியத்தில் ஏற்பு பெற்றிருக்க வேண்டும்.

இந்தியச் சான்று கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. இறக்குமதி செய்யும் நாடும் அந்தச் சான்றை ஏற்க வேண்டும். மலேசியாவில் ஜாகிம், இந்தோனேசியாவில் பி.பி.ஜே.பி.ஹெச். ஆகிய அரசு அமைப்புகள், எந்த வெளிநாட்டு ஹலால் அமைப்பை ஏற்பது என்று முடிவு செய்கின்றன. ஒரு நாடு ஏற்ற அமைப்பை இன்னொரு நாடு ஏற்க வேண்டும் என்பதில்லை.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுவோம்:

1. வாங்குபவரின் நாடு எந்த ஹலால் அமைப்பின் சான்றை ஏற்கிறது?

2. நாம் சரக்கெடுக்கும் ஆலைக்கு அந்த அமைப்பின் சான்று உள்ளதா, அது இன்னும் காலாவதியாகாமல் உள்ளதா?

3. அந்த ஆலையிலிருந்து இறைச்சி வாங்க அந்த நாடு அனுமதித்துள்ளதா?

சான்றைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. அதிலுள்ள எண்ணை வழங்கிய அமைப்பிடமே சரிபார்க்க வேண்டும். ஹலால் என்று நம்பி வாங்குபவருக்கு நாம் தரும் வாக்கு ஓர் அமானிதம். ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பதும் அதைப் பேணுவதில் அடங்கும்.