தருமசாலை எனப் பெயர்பெற்ற பள்ளிவாசல்

வண்டிப்பெரியாற்றுத் தோட்டங்களில் வாழும் நம்மவருள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்தோர் பலர். அப்பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பத்தார், தம் முன்னோர் விசயநகர ஆட்சிக் காலத்தில் தெற்கே வந்தவர் எனச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்விசயநகரம் இன்று கருநாடகத்தில் ஹம்பி என்ற பெயரோடு இடிபாடாய்க் கிடக்கின்றது. அங்கே விரூபாட்சர் கோயிலையும் கல்தேரையும் காண்போர் பலர். கமலாபுரத்திலிருந்து துங்கபத்திரைத் துறைக்குச் செல்லும் வழியில் நிற்கும் அகமதுகானின் பள்ளிவாசலைத் தேடிச் செல்வோர் சிலரே.

தேடிச் சென்றவரும் அதனை உடனே இனங்கண்டுகொள்ளார். குவிமாடம் இல்லை, மினார் இல்லை. செதுக்கிய கருங்கல் தூண்கள், தட்டையான கற்கூரை, திறந்த முகப்பு ஆகியவற்றோடு நம்மூர்க் கோயில் மண்டபம் போலவே நிற்கின்றது. மேற்குச் சுவரிலுள்ள மாடம் ஒன்றே தொழுகைத் திசையைக் காட்டும். கல்வெட்டும் பள்ளிவாசல் என்று கூறவில்லை. இரண்டாம் தேவராயரின் ஊழியரான அகமதுகான், தம் அரசருக்குப் புண்ணியம் உண்டாகும்படி 1439-இல் கட்டிய 'தருமசாலை' என்றே கன்னடத்தில் குறிக்கின்றது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையால் நமக்குப் பழகிய சொல்லன்றோ அது! தம் தொழுகைக் கூடத்தின் புண்ணியத்தை வேறு சமயத்து அரசருக்கு ஈந்ததை நாம் வியக்கின்றோம். கல்வெட்டோ அதனை இயல்பான செய்தியாகவே சொல்லிச் செல்கின்றது.

குவிமாடம் கட்டத் தெரியாமல் விட்டனர் என எண்ண இடமில்லை. பக்கத்திலேயே குவிமாடக் கல்லறை ஒன்று நிற்கின்றது. அரண்மனைப் பகுதியில் பதினோரு அறைகள் கொண்ட யானைக் கொட்டாரத்தின் மீதும் குவிமாடங்கள் அணிவகுக்கின்றன. யானைக்குக் குவிமாடம், தொழுகைக்கு மண்டபம்!

பாமினி அரசரின் வெற்றிக்குக் குதிரையும் வில்லாளருமே காரணம் எனக் கேட்டறிந்த தேவராயர், முசுலிம் வீரரைப் படையிற் சேர்த்து நிலம் வழங்கிப் பள்ளிவாசலும் எழுப்புவித்தார் என்று வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகின்றார்.

உள்ளூர்த் தச்சர் கைவண்ணம் ஹம்பியோடு நிற்கவில்லை. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலிலும் கோயிற்பாணித் தூண்களே உள்ளன. கோழிக்கோட்டு மிசுக்கால் பள்ளி, மலையாள நாட்டு மழைக்கேற்ற சரிகூரைகளோடு மரத்தால் அடுக்கடுக்காய் எழுந்தது. 1510-இல் போர்த்துகீசியர் அதற்குத் தீயிட்டனர்.

1565-இல் தக்காணச் சுல்தான்கள் கூடி வென்றபின் விசயநகரம் சூறையாடப்பட்டது. வென்றவரும் இப்பள்ளியில் தொழுதவரும் ஒரே சமயத்தார். ஆயினும் நகரம் வெறிச்சோடியபோது அகமதுகானின் தருமசாலையும் ஆளின்றிப் போயிற்று.