காத்திருப்புக் காலத்தின் செலவு: சட்டப் பட்டதாரிகளின் தொழில், பயிற்சி, தலைமை வாய்ப்புகள் – மீஞ்சூரிலிருந்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

சட்டம் படித்து முடித்தவருக்கு இன்று வழிகள் பல. வழக்கறிஞர், உரிமையியல் நீதிபதி, அரசு உதவி வழக்கறிஞர், நீதிபதியின் ஆய்வு உதவியாளர், இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர், நிறுவனச் சட்ட அலுவலர், அரசின் ஃபெலோஷிப் என்று பட்டியல் நீள்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் ஒருவர் வக்கீலாகலாம், முன்சீஃபாகலாம். மற்றபடி அரசு உத்தியோகம்தான். பட்டியல் எப்படி நீண்டது என்பதையும், அதனால் பயன் பெற்றவர் யார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாய்ப்புகள் பெருகிய வேகத்தில், அவற்றை எட்டும்வரை வருமானமின்றிக் கழிக்க வேண்டிய காலம் குறையவில்லை. அந்தக் காலத்துக்கான செலவை ஏற்க ஆள் இருந்தவர்களே ஒவ்வொரு தலைமுறையிலும் தொழிலில் நிலைத்தார்கள். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

இதைச் சோதிக்க மீஞ்சூர் பொருத்தமான களம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மீஞ்சூருக்கு வடக்கே பொன்னேரி நீதிமன்றங்கள் உள்ளன. தெற்கே அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் தாண்டிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் உயர் நீதிமன்றம். இடைப்பட்ட நிலத்தில் அனல்மின் நிலையங்களும் காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் உர ஆலையும் நிற்கின்றன. நில எடுப்பு, தொழிலாளர், சுங்கம், கப்பல், சுற்றுச்சூழல் என வழக்குக்குக் குறைவில்லாத ஊர்கள் இவை. ஆனால் அந்த வழக்குகளை நடத்தும் தொழிலின் மையம் ஜார்ஜ் டவுனிலேயே இருந்து வருகிறது.

1. சீனியர் வீட்டு வாசல்

சென்னையில் முறையான சட்டக் கல்வி 1855இல் மாநிலக் கல்லூரியோடு இணைந்த வகுப்பாகத் தொடங்கியது. உயர் நீதிமன்றம் 1862இல் அமைந்தது; சட்டக் கல்லூரி 1891இல் தனி நிறுவனமாயிற்று. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடத்துக்குக் கல்லூரி குடியேறியது. காலையில் வகுப்பு, நடுப்பகலில் நீதிமன்றம் என்று மாணவர் நடந்தே போய்வரக்கூடிய இந்த அண்மையும் ஒரு வாய்ப்புதான். அதன் மதிப்பு அது இல்லாமல் போன பிறகே தெரிந்தது.

அக்காலத்தில் எளிய நிலையிலிருந்து மேலே வந்தவருக்குச் சிறந்த சான்று சர் டி. முத்துசாமி ஐயர். திருவாரூர்ப் பக்கம் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்கு உதவியாளாக இருந்த சிறுவனைத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். அவர் தேர்வெழுதி 1856இல் தரங்கம்பாடியில் முன்சீஃபானார். பணியில் இருந்துகொண்டே 1871இல் பி.எல். முடித்தார், 1870களின் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். இவ்வரலாறு திறமையின் வெற்றியாகவே சொல்லப்பட்டு வருகிறது. கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு ஊன்றுகோல்கள் தெரியும். படிப்புக் காலத்தில் ஒரு புரவலர் இருந்தார். பட்டத்துக்கு முன்பே மாதச் சம்பளம் வந்தது. வருமானமில்லாத ஜூனியர் காலத்தை அவர் கடக்க நேரவேயில்லை.

மற்றவர்கள் கடந்தாக வேண்டியிருந்தது. பி.எல். முடித்தவர் மூத்த வக்கீலிடம் ஓராண்டு அப்ரெண்டிஸாக இருந்து, நடைமுறைத் தேர்விலும் தேற வேண்டும். சீனியர் ஏற்றுக்கொள்ள உறவோ சாதியோ ஊர்ப்பழக்கமோ தேவைப்பட்டது. வக்கீல்கள் 1889இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். மயிலாப்பூரில் கூடிய சனிக்கிழமைச் சங்கத்தின் விவாதங்களிலிருந்து 1891இல் மெட்ராஸ் லா ஜர்னல் பிறந்தது. தொழிலின் அறிவும் தொடர்பும் புழங்கிய அக்கூடங்களுக்குள் வடசென்னை மீனவர் வீட்டுப் பிள்ளையோ, பொன்னேரி வட்டத்து விவசாயி மகனோ நுழைவது அரிது. பெண்களுக்குச் சட்டமே தடையாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் பெண் சட்டத்தொழிலர் சட்டம் அத்தடையை நீக்கியது. 1920களின் இறுதியில் ஆனந்தா பாய் சென்னைச் சட்டக் கல்லூரியின் முதல் பெண் பட்டதாரியாக வெளிவந்தார்.

2. ஆலை வாசலில் திறந்த வழி

வடசென்னையின் பங்களிப்பு இரண்டாவது கட்டத்தில் வருகிறது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. தொழிலாளரைத் திரட்டுவதே ஒப்பந்த மீறலைத் தூண்டும் குற்றமாகலாம் என்ற நிலை தோன்றியது. அதற்கு எழுந்த எதிர்ப்பு, 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. சங்க நிர்வாகிகளில் குறைந்தது பாதிப்பேர் அந்தத் தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்றது அது. மீதிப் பாதிக்கு வெளியாள் வரலாம். அந்த இடங்களில் வந்து அமர்ந்தவர்களில் வக்கீல்கள் கணிசமானோர். பின்னாளில் சென்னை மேயராகவும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராகவும் விளங்கிய வி. சக்கரைச் செட்டியார் அப்படி வந்தவர். மீனவக் குடும்பத்தில் பிறந்து உயர் நீதிமன்ற வக்கீலான ம. சிங்காரவேலர் 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே துறந்தார். 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் அவர் மே தினக் கூட்டங்களை நடத்தினார்.

விடுதலைக்குப் பின் இவ்வழிக்கு ஒரு சட்ட முடிச்சு விழுந்தது. 1947இன் தொழில் தகராறுகள் சட்டம் சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞரை விலக்கியது. தொழிலாளர் நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் கேட்டது. வழக்கறிஞரே சங்க நிர்வாகியாகவும் இருந்தால்? பாராதீப் துறைமுகம் தொடர்பான வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. நிர்வாகி என்ற தகுதியில் அவர் ஆஜராகலாம். வழக்கறிஞர் என்பதற்காக அவரைத் தடுக்க முடியாது. சென்னை, எண்ணூர் போன்ற துறைமுக ஊர்களில் சங்கப் பொறுப்பிலுள்ள சட்டப் பட்டதாரிக்கு இத்தீர்ப்பு பெரிய பலம். ஆனால் 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அமைப்புசார் தொழில்களில் வெளியாட்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அதுவாகச் சுருக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு பழைய இரு சட்டங்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

சங்கம் வழியே வந்தவர்களுக்குச் சீனியரின் தயவு தேவைப்படவில்லை. காத்திருப்புக் காலத்தை இயக்கம் தாங்கியது. பணம் வராவிட்டாலும் வழக்கும் பெயரும் வந்தன.

3. பதிவு, பயிற்சி, கட்டணம்

1961இன் வழக்கறிஞர் சட்டம் பழைய படிநிலைகளை ஒழித்து நாடு முழுமைக்கும் ஒரே வகை வழக்கறிஞர் என்ற நிலையை உருவாக்கியது. பதிவுக்கு முந்தைய பயிற்சியும் தேர்வும் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கின. இந்திய பார் கவுன்சில் 1995இல் விதிகள் மூலம் பயிற்சியை மீட்க முயன்றது. சுதீர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதென்றது. பின்னர் 2010இல் அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதலையும் பெற்றது.

பயிற்சியைப் பற்றி இத்தனை வாதம் நடந்தும், பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி நெடுங்காலம் யாருடைய மனுவிலும் இடம்பெறவில்லை. ஜூனியரின் நாள் எப்படிப்பட்டது என்பது பொன்னேரியிலோ திருவொற்றியூரிலோ நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை நின்றால் புரியும். வழக்குப் பட்டியலைப் பார்த்துக் குறிக்க வேண்டும். குமாஸ்தாவிடம் கேஸ் கட்டு வாங்க வேண்டும். சீனியர் வேறு கோர்ட்டில் இருந்தால் எழுந்து நின்று வாய்தா கேட்க வேண்டும். நகல் மனுப் போட்டு, மாலையில் சீனியர் அலுவலகத்தில் பிராது எழுத வேண்டும். இத்தனைக்கும் பல ஜூனியர்களுக்குக் கிடைப்பது பஸ், டீ செலவுக்கான பேட்டா.

அண்மை ஆண்டுகளில்தான் இக்கேள்வி பொதுவெளிக்கு வந்தது. வசதியற்ற இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் தொடங்கியது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி மாநில பார் கவுன்சிலைப் பணித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் தாண்டக் கூடாது என்றது. அதுவரை பல மாநிலங்களில் அது 15,000 ரூபாய்க்கும் மேல் இருந்தது.

மீஞ்சூர் வழக்கறிஞர் இதில் எந்தக் கணக்கில் சேருவார்? சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அன்றாடம் ரயிலேறினால் பெருநகரத் தொகைக்கு உரியவர். பொன்னேரியில் தொழில் செய்தால் மாவட்டத் தொகைக்கு. இரண்டுமே சீனியரின் மனமொப்புதலைச் சார்ந்தவை. நடுத்தர வருமானமுள்ள பொன்னேரி சீனியர் ஒருவர் மூன்று ஜூனியர்களுக்கு மாதம் 45,000 ரூபாய் தருவார் என எதிர்பார்ப்பது கடினம். ஜூனியரைச் சேர்க்காமலே இருந்துவிட அவர் முடிவெடுக்கக் கூடும் என்ற ஆபத்தும் உண்டு.

4. சம்பளத்தோடு வரும் வாய்ப்புகள்

மூன்று வகை ஏற்பாடுகள் இங்கே கவனிக்கத்தக்கவை. முதலாவது நீதிபதிகளின் ஆய்வு உதவியாளர் பணி. அமெரிக்காவில் நீதிபதி ஹொரேஸ் கிரே 1882இல் தொடங்கிவைத்த வழக்கம் இந்திய நீதிமன்றங்களிலும் வேர்விட்டது. உச்ச நீதிமன்றம் 2024இல் வெளியிட்ட அறிவிப்பில் இப்பணிக்கு மாதம் 80,000 ரூபாய் குறிக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் இத்தகைய பணியிடங்கள் உள்ளன.

இரண்டாவது ஃபெலோஷிப். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவி செய்யும் லேம்ப் திட்டத்தை பி.ஆர்.எஸ். அமைப்பு 2010 முதல் நடத்துகிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் ஃபெலோஷிப் திட்டம் 2022இல் தொடங்கியது. இரண்டு ஆண்டு காலத்துக்கான அத்திட்டத்துக்குச் சட்டப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது சட்ட உதவி. 1976இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 39ஏ உறுப்பும், 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் இதற்கு அடித்தளம். 2022இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம், குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் அமர்த்துகிறது. உதவி நிலைக்கு 3 ஆண்டுகள் வரை அனுபவமுள்ளவர்கள் போதும். புதியவருக்கு முதல் நாளிலிருந்தே வழக்கும் ஊதியமும் சேர்ந்து கிடைக்கும் அரிய இடம் இது.

நீதிபதித் தேர்வின் கதை வேறு. 1993இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002இல் அதைத் தளர்த்தியது. தமிழ்நாட்டிலும் புதிய பட்டதாரிகள் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுத முடிந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மூன்றாண்டு விதி திரும்பி வந்தது. ஆய்வு உதவியாளராக இருந்த காலம் அனுபவமாகக் கணக்கில் கொள்ளப்படும். நிறுவன வேலைக்கு அச்சலுகை இல்லை. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. ஆகவே காட்டுப்பள்ளியிலோ அத்திப்பட்டிலோ ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேரும் பட்டதாரி வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருவார். நீதிபதித் தேர்வுக்கான ஆண்டுகளை இழப்பார். வசதியுள்ளவருக்கு இப்படியொரு தேர்வு நேராது.

5. கல்லூரி நகர்ந்தது, வேலை வடக்கே வந்தது

2008 நவம்பர் 12 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் நடந்த மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. பட்டரைப்பெரும்புதூர் மீஞ்சூர் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனாலும் ரயிலில் போக மீஞ்சூர் மாணவர் சென்னைக்குள் வந்து அரக்கோணம் மார்க்கத்துக்கு மாற வேண்டும். ஒரே வண்டியில் கல்லூரிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய்வந்த காலம் முடிந்தது.

இதற்கு எதிர்த்திசையில் சட்ட வேலை வடக்கே பெருகியது. காமராஜர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. 2017 ஜனவரியில் அதன் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கப்பல் உரிமைகோரல்களுக்கான புதிய சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டு, 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அம்மாத இறுதியில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

இத்தகைய விசாரணைகளில் சட்டப் பிரிவை மேற்கோள் காட்டினால் மட்டும் போதாது. எந்தச் சர்வே எண் கழிமுகத்தில் வருகிறது, கடலோர ஒழுங்குமுறை வரைபடம் அதை எப்படிக் காட்டுகிறது, அடங்கலில் என்ன பதிவு, யார் யாருடைய படகும் வலையும் பாழாயின என்பவற்றை ஆவணமாக்க வேண்டும். நிலமும் மனிதரும் தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரிக்கு இதில் கூடுதல் தகுதி உண்டு.

இத்தகுதியை வளர்க்க விதியும் இடம் தருகிறது. 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரமும் ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கின. வழக்கறிஞர், நீதித்துறை, நிறுவனம் ஆகியவற்றோடு தொண்டு நிறுவனமும் உள்ளாட்சி அமைப்பும் அதற்குரிய இடங்களே. மீஞ்சூர் பேரூராட்சி அலுவலகத்திலோ, எண்ணூர் மீனவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பிலோ ஒரு மாணவர் தம் வாரங்களை முறைப்படி முடிக்கலாம்.

முடிவுரை

முதல் கட்டத்தில் காத்திருப்புச் செலவைக் குடும்பமோ புரவலரோ ஏற்றார். இரண்டாவதில் இயக்கம் ஏற்றது. மூன்றாவதில் நெடுங்காலம் யாரும் ஏற்கவில்லை. 2020க்குப் பின் அரசும் நீதிமன்றமும் அதைத் தம் பொறுப்பாகப் பேசத் தொடங்கின. இந்நிலையில் வந்த 2025 மேத் தீர்ப்பு காத்திருப்பை மூன்று ஆண்டுகளாக நீட்டியிருக்கிறது. அனுபவமுள்ள நீதிபதி வேண்டும் என்ற அதன் காரணம் மறுக்க முடியாதது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுக்கான உதவித்தொகை சீனியரின் விருப்பத்தில் இருக்கும்வரை, கேட்கப்படும் அனுபவம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடமே சேரும்.

இதிலிருந்து மூன்று நடைமுறை முடிவுகள் எழுகின்றன. ஜூனியர் உதவித்தொகைக்கு அரசும் பார் கவுன்சிலும் சேர்ந்து நிதி அமைத்தால் தனி சீனியரின் சுமை குறையும். சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பணியிடங்களைப் பொன்னேரி போன்ற வட்ட நீதிமன்றங்களுக்கும் விரித்தால் உள்ளூரிலேயே ஊதியத்துடன் பயிற்சி கிடைக்கும். தொழிலாளர், துறைமுகம், சுற்றுச்சூழல் விவகாரங்களில் நிறுவனச் சட்ட அலுவலர் பெறும் அனுபவத்தில் ஒரு பகுதியையாவது, ஆய்வு உதவியாளருக்குச் செய்தது போல, கணக்கில் சேர்ப்பது பரிசீலிக்கத்தக்கது. இம்மூன்றில் முதலாவதே அவசரமானது. 2025 மேக்குப் பின் பட்டம் பெற்றவர்களின் மூன்றாண்டுக் கணக்கு ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.