கால் பிடித்த கைகள்

மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் கொள்ளிடம் திருமழபாடியை நெருங்கும்போது வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஆறு வடக்கே திரும்பும் இடத்தில் கோயில் எடுப்பது நம் முன்னோர் வழக்கம். இங்கே வடகரையில் இருப்பது வைத்தியநாதர் கோயில். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். மழு ஏந்தி இறைவன் ஆடியதால் மழுவாடி என்று புராணம் சொல்லும். மழவர்பாடி என்பதே மழபாடி ஆயிற்று என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். பங்குனியில் நடக்கும் நந்தி திருக்கல்யாணத்திற்காக அரியலூர் மாவட்டத்திலிருந்தும் ஆற்றுக்கு அக்கரையில் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள்.

கல்வெட்டு ஆர்வலர்களுக்கு இக்கோயில் வேறொரு காரணத்தால் பெயர் பெற்றது. முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இதன் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். இராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் புதிய சுவர்களில் வெட்டப்பட்டன. யாரோ ஒருவர் விளக்குக்குக் கொடுத்த ஆடுகளின் கணக்குக்கூட அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது.

இந்தக் கோயிலின் பெயர்தான் இக்கட்டுரைக்குத் தூண்டுதல். வைத்தியநாதன் என்று இறைவனை அழைத்த சமூகம், மனித வைத்தியனுக்கும் அவனருகில் நின்று எண்ணெய் காய்ச்சிய பெண்ணுக்கும், உடம்பைத் தொட்டுப் பிடித்துவிட்ட ஆளுக்கும் என்ன இடம் கொடுத்தது? இன்று பெருநகரங்களின் குளிரூட்டிய அறைகளில் 'ஸ்பா' என்ற பெயரில் எண்ணெய்ப் பூச்சும், மூலிகை ஒற்றடமும், செம்புத் தாம்பாளத்தில் வெந்நீரும் இலைகளும் இட்டுக் கால் ஊறவைப்பதும் விற்கப்படுகின்றன. விளம்பரங்கள் தவறாமல் 'ஐயாயிரம் ஆண்டு மரபு' என்கின்றன. எந்த எண்ணிக்கையில் இந்த ஐயாயிரம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கு ஒன்று கல்லிலேயே கிடைக்கிறது. அதைப் பார்க்கத் திருமழபாடியிலிருந்து வடக்கே பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும்.

காஞ்சிபுரத்திற்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1068. அக்கோயிலின் ஜனநாத மண்டபத்தில் நடந்த பள்ளி, மாணவர் விடுதி, ஆதுலசாலை ஆகியவற்றின் வரவுசெலவை அது படிப்படியாகச் சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றவர். வீரசோழன் என்று பெயரிடப்பட்ட அந்த ஆதுலசாலையில் 15 பேர் கிடக்க இடமுண்டு. ஊரார் எல்லோருக்கும் திறந்த பொது மருத்துவமனை என்று இதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பள்ளியோடும் கோயில் பணியோடும் சேர்ந்தவர்களுக்கான ஏற்பாடு இது.

அங்கே வேலை பார்த்தவர்களின் கூலிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைத்தியருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 90 கலம், அதோடு 8 காசு. அறுவை செய்யும் சல்லியக்கிரியைக்காரருக்கு நாளுக்கு ஒரு குறுணி, ஆண்டுக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்ய உதவும் ஆட்கள் இருவருக்குமாக 60 கலம். மருந்து அடும் பெண்டுகள் இருவருக்குமாக 30 கலம். நாவிதருக்கு நாளுக்கு நானாழி, ஆண்டுக்கு 15 கலம். நாவிதரும் மருந்து காய்ச்சும் பெண்ணும் சமம், இருவரும் வைத்தியரில் ஆறிலொரு பங்கு. ஏற்றத்தாழ்வு கண்கூடு. ஆனாலும் அவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது மருத்துவ வேலை என்பதில் கல்வெட்டுக்கு ஐயமில்லை.

ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் இருபதை ஒட்டிப் பெயர் சொல்லப்படுகின்றன. அவற்றில் தைலங்கள் மட்டும் நான்கு: பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், லசுனாத்யேரண்ட தைலம், உத்தமகர்ணாதி தைலம். ஏரண்டம் என்பது ஆமணக்கு, லசுனம் பூண்டு, பலா என்று வடமொழியில் சொல்லப்படுவது நம் சிற்றாமுட்டி. எல்லாம் இன்றும் வாதத்திற்கும் மூட்டுவலிக்கும் பேசப்படும் சரக்குகள். விடுதியில் தங்கியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெய் அளக்கவும் இதே கல்வெட்டு ஏற்பாடு செய்கிறது. நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு முன்வரை ஆண்பிள்ளைகளைச் சனிக்கிழமை காலை முற்றத்தில் உட்காரவைத்துக் கண் எரிய எரியச் சீயக்காய் தேய்த்தார்களே, அந்தச் சனிக்கிழமைதான். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியைச் சோழர் காலத்துச் சங்கரபாடியார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். கோயில்களுக்கும் ஊர்களுக்கும் எண்ணெய் வழங்கிய வணிகக் குழு அது.

கொள்ளிடத்தின் கரைக்குத் திரும்புவோம். திருமழபாடிக்கு மேற்கே, ஆற்றின் எதிர்திசையில் போனால் திருவரங்கம். அங்கே 13ஆம் நூற்றாண்டின் நடுவில், போசளர் ஆட்சியில், ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. கருடவாகன பட்டர் என்பவர் அதன் பொறுப்பில் இருந்தார். படையெடுப்பில் அழிந்த அதனை 1493இல் அவர் வழிவந்த ஒருவர் மீட்டெடுத்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார். தன்வந்திரி சன்னிதியை இன்றும் காணலாம். அதே கோயிலில் மூலவரான அரங்கநாதர் சுதையால் ஆனவர் என்பதால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. நறுமணப் பொருள்கள் சேர்ந்த தைலக்காப்பு உண்டு. ஆனி மாதத் தைலக்காப்புக்குப் பின் சில வாரங்களுக்குத் திருவடி தெரியாது, திருமுகம் மட்டும்தான். பாதத்திற்கு எண்ணெயிட்டு மூடி ஊறவைப்பது என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது எந்த மூலிகைக் குளியல் விளம்பரமும் அல்ல, இந்தத் தைலக்காப்புதான்.

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று பிரிக்கும். புறமருந்தில் பற்று, பூச்சு, ஒற்றடம், வேது, பொட்டணம், தொக்கணம் என்று போகும் பட்டியலைப் படித்தால், இன்றைய ஸ்பாவின் விலைப்பட்டியலில் உள்ளவற்றில் பாதியாவது பெயர் மாறி இங்கே உட்கார்ந்திருப்பது தெரியும். தொக்கணம் என்பது உடம்பு பிடித்துவிடுவது. அது ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒவ்வொன்றும் கையின் ஒரு வினை. எந்த நோய்க்கு எந்தக் கை, எவ்வளவு அழுத்தம் என்பது ஏட்டில் ஓரளவுதான் வரும், மிச்சம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க வேண்டியது.

வீட்டு மருத்துவத்தில் இவை இன்னும் எளிய உருவில் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் நொச்சியும் புளிய இலையும் போட்டுக் கொதிக்கவைத்த நீரை, இடுப்பில் விழும்படி உயரத்திலிருந்து வீசி ஊற்றுவாள் மருத்துவச்சி. சளிக்கு நொச்சித் தழை வேது. காலுக்கென்று தனி வைத்தியம் டெல்டாவில் ஏன் வளர்ந்தது என்பதற்கு ஓய்வோ இளைப்பாறலோ காரணமில்லை, நடவுதான் காரணம். நாள் முழுதும் சேற்றில் நின்ற பெண்களுக்கு விரலிடுக்கு வெந்து சேற்றுப்புண் வரும். இரவில் மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வார்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுவார்கள். பாதத்தின் சிவப்பை அழகென்று பாடிய மரபில், அந்தச் சிவப்பின் ஒரு பகுதி புண்ணுக்கு இட்ட மருந்து என்பதையும் நாம் நினைவில் வைக்கலாம். (இடைச்செருகலாக ஒரு எச்சரிக்கை: நீரிழிவு உள்ளவர்கள் வெந்நீரில் கால் ஊறவைக்கக் கூடாது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். உணர்ச்சி குன்றிய பாதம் சூட்டை அறியாது, ஊறிய தோல் எளிதில் கிழியும்.)

ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊரின் பெயர். தாதுநீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1717இல் அங்கே போய் நீர் குடித்தார். இலத்தீன் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சொல்லப்படுவது பின்னாளில் கட்டிய கதை. அந்த நீர்நிலையப் பண்பாட்டோடு நம் கைவினை சேர்ந்த கதை சுவையானது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் குடியேறி, மூலிகை நீராவியும் உடம்பு பிடித்தலும் சேர்ந்த குளியல் நிலையம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே உடம்பு பிடிக்கும் மருத்துவர் என்ற பட்டம் பெற்றார். பிடித்துவிடு, அமுக்கு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்துதான் ஆங்கில 'ஷாம்பூ' வந்தது. அது பிறகு தலைக்குப் போடும் நுரையாகச் சுருங்கிவிட்டது. அரசனின் உடம்பைப் பிடித்துவிட்ட ஒருவர் அங்கே புத்தகம் எழுதினார், பெயர் பெற்றார். அதே காலத்தில் இங்கே அதே வேலையைச் செய்தவர்களின் நிலை என்ன?

அதைச் சொற்களே சொல்கின்றன. தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தின் பெயர் மருத்துவர். பண்டிதர் என்றும் சொல்வதுண்டு. பண்டுவம் என்றால் சிகிச்சை. அம்பட்டர் என்ற பெயரை அம்பஷ்டர் என்ற வடசொல்லோடு இணைப்பார்கள்; மனு நூல் அம்பஷ்டருக்கு விதித்த தொழில் மருத்துவம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இச்சமூகத்து ஆண்கள் வைத்தியமும் பெண்கள் பிரசவமும் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். கட்டி கீறுவது, எண்ணெயிட்டு நீவுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது, பிறந்த குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி மூக்கைப் பிடித்து உருவிவிடுவது எல்லாம் இவர்கள் கை. உடம்பின் கழிவையும் இரத்தத்தையும் தொட்டதாலேயே தீட்டு என்று ஒதுக்கப்பட்டதும் அதே கைதான். வலியென்றால் வரவழைப்பார்கள், வலி போனதும் திண்ணைக்கு வெளியே நிறுத்துவார்கள். பெயரில் மருத்துவமும் வாழ்வில் அவமதிப்புமாக ஒரு சமூகம் நூற்றாண்டுகள் கழித்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு இதைச் சட்டத்தாலும் கல்வியாலும் முடித்துவைத்தது. 1914இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது; மேலை மருத்துவம் படித்தவர்களுக்கே பதிவு. நாட்டு வைத்தியர்கள் கிளர்ந்தார்கள். 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்து 1923இல் அறிக்கை தந்தது. அதன் விளைவாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரி 1964, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005. இந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஏட்டின் வெற்றி. சுவடியும் செய்யுளும் கையில் வைத்திருந்த வைத்தியர்களால் தங்கள் அறிவு அறிவுதான் என்று குழுவின் முன் வாதாட முடிந்தது. தட்டலும் அழுத்தலும் இழுத்தலும் விரல்களில் மட்டுமே வைத்திருந்தவர்களிடம் காட்ட என்ன இருந்தது? 1926இன் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்திற்குப் பின் பதிவுபெற்ற மருத்துவச்சி வேறு, ஊர் மருத்துவச்சி வேறு என்றாயிற்று. பிரசவம் மருத்துவமனைக்குப் போனதில் தாய்மாரும் சேய்களும் பிழைத்தார்கள்; அதில் வருந்த ஒன்றுமில்லை. வருத்தமெல்லாம், பேறு முடிந்த பின் நாற்பது நாள் அந்தக் கை செய்த வேலைக்கு மாற்றாக எதுவும் வராமல் போனதில்தான்.

இப்போது அதே வேலை ஸ்பாவாகத் திரும்பி வந்திருக்கிறது. கேரளத்தின் சுற்றுலாத் துறை முதலில் வழிகாட்டியது, தமிழகத்து விடுதிகள் பின்தொடர்ந்தன. நொச்சியும் உண்டு, நல்லெண்ணெயும் உண்டு. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தொலைதூர மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். சில வாரப் பயிற்சி. ஊர்ச்சொற்கள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. செய்தித்தாள் அவர்களைப் பற்றி எழுதுவது பெரும்பாலும் காவல்துறைச் சோதனை என்ற தலைப்பின் கீழ். தொடுகிற கையை இழிவாகப் பார்க்கும் கண் மாறவே இல்லை, கைகள்தான் மாறியிருக்கின்றன. தமிழில் 'காலைப் பிடித்தான்' என்றால் கெஞ்சினான் என்றுதான் பொருள். தொக்கணத்தின் மூன்றாம் வகையான பிடித்தலை நம் மொழி இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது.

திருமழபாடிக் கோயிலைப் பிரித்தபோது சுவர் எழுத்துகளைப் புத்தகத்தில் ஏற்றி வைத்தார்கள் என்று முதலில் சொன்னேன். கைவேலைக்கு அப்படி ஒரு படியெடுப்பு நடக்கவில்லை. முதிய மருத்துவச்சிகள் சிலர் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இருந்தால் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு எந்த எண்ணெய், எத்தனை நாள், தலையை எந்தப் பக்கம் உருவினார்கள் என்று. எழுதி வையுங்கள். முடிந்தால் அவர்கள் பெயரோடு. திருமுக்கூடலில் வைத்தியரின் பெயர் சவர்ணன் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்று முழுதாகக் கல்லில் இருக்கிறது. 15 கலம் நெல் வாங்கியவருக்கு நாவிதன் என்ற பெயர் மட்டுமே.

சொல் பற்றி இன்னொன்று. பரிகாரம் செய்பவர் பரிகாரி, பேச்சில் பரியாரி. யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரைப் பரியாரியார் என்று அழைப்பது மரியாதை. எழுந்து நின்று சொல்லும் சொல். பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தின் தென்மாவட்டங்களுக்கு வந்தால் அதே பரியாரி முடிதிருத்துபவரைக் குறிக்கும். 'ஆர்' கடலில் எங்கோ விழுந்துவிட்டது.