மூன்று நோய், ஒரே கிருமி: மாட்டுக் கொரோனாவின் கதை

1/ "புது ஸ்ட்ரெயின் வந்திருச்சாம்" என்று செய்தி வந்தாலே பயந்துடுறோம். ஸ்ட்ரெயின் மாறினா, உடம்பில் இருக்கும் பழைய எதிர்ப்பு சக்தி வீணா? மாட்டுத் தொழுவத்தில் இதுக்கு ஒரு பதில் இருக்கு.

2/ அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம். பிறந்து சில நாளே ஆன கன்றுகள் தண்ணியாகக் கழிந்து செத்துக்கொண்டிருந்தன. 1970களின் தொடக்கத்தில் மீபஸ் குழுவினர் அவற்றின் கழிச்சலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிரீடம் வைத்தது போல ஒரு வைரஸ். மாட்டுக் கொரோனா!

3/ வளர்ந்த மாடுகளுக்கு வேறு தொல்லை. குளிர்காலத்தில் திடீர்னு கழிச்சல், சில நேரம் ரத்தத்தோடு. பால் சட்டென்று குறைந்துவிடும். 1931இல் ஜோன்ஸும் லிட்டிலும் இதற்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அங்கேயும் சிக்கியது கொரோனா.

4/ 1990களில் இன்னொன்று. லாரியில் நெடுந்தூரம் பயணித்து, நிமோனியா கண்ட மாடுகளின் மூக்குச் சளியிலும் அதே வைரஸ்.

5/ கன்றுக்கு ஒன்று, பசுவுக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று என மூணு தனித்தனி வைரஸா? இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஒரு ஸ்ட்ரெயினுக்கு எதிராக உருவான சீரத்தை எடுத்து, இன்னொரு ஸ்ட்ரெயினோடு கலக்கணும். வைரஸ் முடங்கினா ரெண்டும் ஒரே இனம்.

6/ ஒஹையோவில் லிண்டா சைஃப் குழு கன்று ஸ்ட்ரெயின்களையும் குளிர்காலக் கழிச்சல் ஸ்ட்ரெயின்களையும் இப்படி ஒப்பிட்டு, 1995இல் முடிவை வெளியிட்டது. எல்லாம் ஒரே சீரோடைப்! சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஆனா அதை வைத்து "இது கன்று நோய், இது பசு நோய்" என்று பிரிக்க முடியலை. நுரையீரல் ஸ்ட்ரெயின்களின் கதையும் பின்னர் அதேதான்.

7/ இதனால் என்ன லாபம்? சினைப்பசுவுக்குத் தடுப்பூசி போட்டா, எதிர்ப்பொருள் சீம்பால் வழியாகக் கன்றுக்குப் போகும். பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கணும். தாமதித்தால் கன்றின் குடல் அதை ரத்தத்துக்குள் விடாது.

8/ நமக்கும் இதில் உறவு உண்டு. மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கும் ஓசி43 கொரோனா, மாட்டுக் கொரோனாவின் நெருங்கிய சொந்தம். இரண்டும் 1890 வாக்கில் பிரிந்திருக்கலாம் என்று 2005இல் பெல்ஜியம் விஞ்ஞானிகள் மரபணுவை வைத்துக் கணித்தார்கள்.

9/ எல்லா வைரஸும் இப்படி இல்லை. ஃப்ளூ முகத்தை மாத்திக்கிட்டே இருக்கும், அதனால் தடுப்பூசியையும் மாத்துறோம். ஆகவே "புது ஸ்ட்ரெயின்" என்று கேட்டதும் பதறாதீங்க, அலட்சியமும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பழைய எதிர்ப்பொருள் இதைத் தடுக்குதா? பதில் பேரில் இல்லை, சோதனையில் இருக்கு.