இசட்-வேவ் எஸ்0 பாதுகாப்புக் குறைபாடு

வீட்டுக் கதவுப் பூட்டு, விளக்கு, உணரி முதலியவற்றைக் கம்பியின்றி இணைக்கும் இசட்-வேவ் நெறிமுறையின் பழைய பாதுகாப்பு முறை எஸ்0 ஆகும். இது செய்திகளை 128 பிட் ஏ.இ.எஸ். முறையில் குறியாக்கம் செய்கிறது. குறைபாடு குறியாக்கத்தில் இல்லை. சாவியைக் கைமாற்றும் விதத்தில் உள்ளது. புதிய கருவியைச் சேர்க்கும்போது கட்டுப்பாட்டு மையம் அதற்குப் பிணையச் சாவியை அனுப்புகிறது. அச்சாவியை மறைக்கும் தற்காலிகச் சாவியின் 16 பைட்டுகளும் பூச்சியமே. எல்லாக் கருவிகளுக்கும் இதுவே பொது. ஆகவே இணைக்கும் நேரத்தில் அருகிலிருந்து வானலையைப் பதிவு செய்பவர் பிணையச் சாவியை அறிந்து, பின்னர் பூட்டைத் திறக்கும் கட்டளையையும் அனுப்பலாம்.

இதற்கு மாற்றாக வந்த எஸ்2, நீள்வட்ட வளைவுவழிச் சாவிப் பரிமாற்றத்தைப் பயன்படுத்துகிறது. பூட்டு போன்ற கருவிகளைச் சேர்க்க, அவற்றில் அச்சிட்ட ஐந்து இலக்க எண்ணையோ கியூஆர் குறியையோ பயனர் உள்ளிட வேண்டும். 2017 ஏப்ரல் முதல் புதிய கருவிகள் சான்றிதழ் பெற எஸ்2 கட்டாயமானது. எனினும் பழைய கருவிகளுக்காக எஸ்0 நீடித்தது. கருவி தன் திறன்களை அறிவிக்கும் செய்தி குறியாக்கமின்றிச் செல்வதால், அதைப் போலியாக அனுப்பி எஸ்2 கருவியையும் எஸ்0 முறைக்கு இறக்க முடியும் என்று 2018இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் செய்து காட்டியது. எனவே கருவியை இணைத்தபின் அது எஸ்2 முறையில் சேர்ந்துள்ளதா என்று சரிபார்ப்பது அவசியம்.