கொழாய் ரேடியோவுல கேக்காத கிட்டாரு

கடம்பூர்னு சொன்னா ஊர் உலகத்துக்கு ஞாபகம் வர்றது போளி. ரயில் நின்னதும் ஜன்னல் வழியா நீளுற கை, எண்ணெய் ஊறின பொட்டலம், அவ்வளவுதான் நம்ம ஊரோட புகழ். அந்த ஊர்க்காரன் பேஸ் கிட்டார் வரலாறு எழுதப் போறான்னா "ஏலே, உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு நீங்க கேக்கலாம். காரணம் இருக்கு மக்கா, பொறுமையா வாங்க.

எங்க பக்கம் கோயில் கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்கிறது பழைய வழக்கம். மேடையில பாடகருக்குப் பேரு உண்டு, கீபோர்டுக்காரருக்கு மரியாதை உண்டு, டிரம்ஸ் அடிக்கிறவரைச் சுத்திச் சின்னப் பயலுக கூட்டம் உண்டு. பின்னாடி ஓரத்துல நீளக் கழுத்து கிட்டாரை மாட்டிக்கிட்டு ஒருத்தர் நிப்பாரு பாருங்க, அவரை யாரும் கண்டுக்கிடவே மாட்டாங்க. "அந்தாளு சும்மா நிக்காரு, சம்பளம் மட்டும் வாங்கிருவாரு போல"ன்னு பக்கத்துல ஒருத்தர் சொல்லி நானே கேட்டிருக்கேன். அவரு சும்மா நிக்கல. அவரு வாசிச்சது நமக்குக் கேக்கல. ரெண்டும் வேற வேற.

ஏன் கேக்கலன்னு கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாலு கம்பி பேஸ் கிட்டார்ல அடிக்கம்பியோட அதிர்வு வினாடிக்கு சுமாரா 41. அடுத்தது 55, அப்புறம் 73, மேல் கம்பி 98. நம்ம மரத்துலயும் மாடியிலயும் கட்டுற கொழாய் ரேடியோ ஒழுங்கா சத்தம் குடுக்கறதே ஏறக்குறைய 300க்கு மேலதான். மைல் கணக்குல கேக்கும், சரி. ஆனா அது மனுசக் குரலைத் தூரமா எறியறதுக்குன்னே செஞ்ச சாமான். அப்ப கரிசக்காட்டுல ஒரு தலைமுறை சனம், கல்யாண வீட்டுலயும் கொடையிலயும் இளையராஜா பாட்டை ஆயிரம் தடவை கேட்டது, அடித்தளம் இல்லாமலே கேட்டது. வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த பொறகு, டவுன் பஸ்ல பெட்டி ஸ்பீக்கர் மாட்டின பொறகுதான் "அட, இந்தப் பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு ஓடுதேய்யா"ன்னு தெரிஞ்சது.

அதுக்காக கரிசல்காரனுக்கு அடிச்சத்தத்துல ருசி கிடையாதுன்னு நினைச்சிராதீங்க. வில்லுப்பாட்டுல குடம் எதுக்கு வச்சிருக்கோம்? மண்பானை வாயில மட்டையால ஒரு போடு போட்டா, வயித்துக்குள்ள "தும்"முனு எறங்கும்லா, அதுதான் நம்ம ஊரு பேஸ். உறுமியும் அப்படித்தான். மைக் இல்லாமலே நெஞ்சுல மோதுற சத்தம். ஆக ருசி ஏற்கெனவே இருந்துச்சு. கொழாய் ரேடியோதான் நடுவுல வந்து கெடுத்துச்சு.

நிற்க. கம்பி வாத்தியம் ஒண்ணு கடல் தாண்டி வந்து இந்த மண்ணுல உக்காந்த கதை நமக்குப் புதுசில்ல. கோவில்பட்டியிலிருந்து கெழக்கே கொஞ்ச தூரம் போனா எட்டயபுரம். பாரதியார் ஊருன்னு எல்லாருக்கும் தெரியும். முத்துசாமி தீட்சிதர் 1835ல கண்ணை மூடின ஊருன்னும் நிறைய பேருக்குத் தெரியும். அவரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அந்த அரண்மனையில வித்வானா இருந்தவர். இவரு சென்னையில ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள்ள கொண்டாந்தவங்கள்ல முதல் ஆளா சொல்லப்படுறவர். (தஞ்சை வடிவேலுவுக்கும் அந்தப் பெருமையில பங்கு உண்டு. சண்டை வேண்டாம்.) அவரோட மகள் வயித்துப் பேரன் சுப்பராம தீட்சிதர்தான் 1904ல எட்டயபுரத்துலயே "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி"யை அச்சுல கொண்டு வந்தவர்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் யாரு முதல்ங்கறது இல்ல. வெள்ளைக்காரன் வயலினை நின்னுக்கிட்டு, தாடைக்கு அடியில இடுக்கி வாசிக்கான். நம்மாளு என்ன செஞ்சான்? சம்மணம் போட்டு உக்காந்தான். வயலினோட தலையை வலது கால் கணுக்கிட்ட ஊனினான், அடிப்பக்கத்தை நெஞ்சுல சாத்தினான். இப்ப இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்குற வேலையே கிடையாது. கமகத்துக்கு மேலயும் கீழயும் வழுக்கிக்கிட்டு ஓடலாம். கம்பியையும் தளர்த்தி, பாடுறவங்க சுருதிக்குத் தக்க, ச-ப-ச-பன்னு மாத்திக்கிட்டான். வாத்தியத்துல ஒரு ஆணியைக்கூட மாத்தல. உக்காருற விதத்தையும் சுருதியையும் மட்டும் மாத்தினான். மிச்சம் வரலாறு.

பேஸ் கிட்டார் கதை இதுக்கு நேர் எதிர். அங்க மனுசன் மாறல, வாத்தியம் மாறுச்சு.

அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல அடிச்சத்தத்துக்கு இருந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற பெரிய வயலின்னு வச்சுக்கோங்க. கம்பி நீளம் மட்டும் 41, 42 அங்குலம். பஸ்ல ஏத்த முடியாது, ஹார்ன் செக்ஷன் ஊத ஆரம்பிச்சா கேக்கவும் செய்யாது. சியாட்டில்ல பால் டுட்மார்க்னு ஒருத்தர் 1930கள்லயே படுக்கை வசத்துல பிடிக்கிற மின்சார பேஸ் ஒண்ணு செஞ்சு வித்துப் பார்த்தார். எடுபடல. 1951ல கலிபோர்னியாவுல லியோ ஃபெண்டர் செஞ்ச பிரிசிஷன் பேஸ்தான் நின்னுச்சு. கம்பி நீளம் 34 அங்குலம். வீணை மாதிரி மெட்டு வச்சாச்சு, விரலை வச்சா சுரம் பிசகாம நிக்கும். அதனாலதான் அந்தப் பேரே. இதுல வேடிக்கை, லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது! ரேடியோ ரிப்பேர்காரர். ஆனா வாசிக்கிறவங்க சொல்ற குறையைக் காது குடுத்துக் கேட்டவர். முதல்ல வந்த உடம்பு பலகை மாதிரி ஓரம் கூர்மையா இருந்துச்சு, விலாவுல குத்துச்சு. 1954ல முழங்கை படுற இடத்தையும் விலா படுற இடத்தையும் செதுக்கி வளைச்சாங்க. 1960ல ஜாஸ் பேஸ் வந்தப்ப கழுத்தோட மேல்முனை அகலத்தை முக்கால் அங்குலம் கூடின ஒண்ணுலருந்து ஒண்ணரை அங்குலமாக் குறைச்சாங்க. கால் அங்குலம்தான். சின்னக் கைக்காரனுக்கு அது பெரிய வித்தியாசம்.

இன்னொரு பக்கம் ஜெர்மனியில ஹாஃப்னர் கம்பெனி, 1956ல வயலின் உருவத்துலயே ஒரு பேஸ் கொண்டாந்தது. உள்ள பொள்ளல், எடை ரெண்டரைக் கிலோவுக்குள்ள, கம்பி நீளம் 30 அங்குலம். ஃபெண்டர் பல சமயம் 4 கிலோவைத் தொடும். பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல இதை வாங்கினதுக்கு ரெண்டு காரணம் சொல்லுவாரு: ஃபெண்டர் வாங்கக் காசு இல்ல, இது சுமாரா 30 பவுண்டுதான். அவரு இடது கைக்காரர், ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கதால திருப்பிப் பிடிச்சாலும் அசிங்கமாத் தெரியாது. அவ்வளவுதான் தேர்வு! அந்த பேஸ் 1972ல லண்டன்ல வேன்ல இருந்து திருடு போய், அரை நூற்றாண்டு கழிச்சுக் கெடைச்சதா 2024ல சேதி வந்துச்சு. இதே மாதிரி மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட 1962 பிரிசிஷன், அவரு 1983ல சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி களவு போனது, இன்னும் கெடைக்கல.

30க்கும் 34க்கும் என்ன பெரிசா வித்தியாசம்னு கேக்கீங்களா? ஆள்காட்டி விரலை முதல் மெட்டுல வச்சு, சுண்டுவிரலை நாலாவதுல வைங்க. 34ல அந்த விரிப்பு 5.1 அங்குலம். 30ல நாலரை. கச்சேரி நாலு மணி நேரம் போச்சுன்னா அந்த அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின வித்தியாசம் மணிக்கட்டுல தெரியும். ஆனா சும்மா கெடைக்குமா? நீளம் குறைஞ்சா கம்பி தளரும், சத்தம் கொஞ்சம் உருண்டையா, மழுங்கினாப்ல வரும். நீளமான கழுத்துல கம்பி விறைப்பா நிக்கும், தொனியில ஒரு பல்லு இருக்கும்.

இந்தப் "பல்லு"தான் நம்ம கதைக்கு முக்கியம். ஒரு சுரத்தோட அடி அதிர்வு ஸ்பீக்கர்ல வராட்டாலும், அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு மேலதிர்வுகள் வந்துட்டா, நம்ம காது இல்லாத அடியைத் தானா கற்பிச்சுக்கிடும். 41 வராது, ஆனா 82, 123, 164 வந்தா மூளை "இது 41"ன்னு முடிவு கட்டிரும். டேப் ரெக்கார்டரோட சின்ன ஸ்பீக்கர்ல நமக்கு பேஸ் கேட்டதே இந்தக் கண்கட்டு வித்தையாலதான். மோட்டவுன்காரங்க இதைப் புரிஞ்சுக்கிட்டு, பாட்டைக் கார் ரேடியோ மாதிரி சின்ன ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்துத்தான் வெளியில விடுவாங்க. ஜேமர்சன் பழைய கம்பியை மாத்தவே மாட்டாரு, ஒத்தை விரலால மீட்டுவாரு, பாலத்துக்கு அடியில ஸ்பாஞ்சு வச்சிருப்பாரு. கணகணன்னு நீளாம, ஒவ்வொரு சுரமும் தனித்தனியா "தும் தும்"முனு விழும். நம்ம வில்லுப்பாட்டுக் குடம் மாதிரி!

சென்னைக்கு வருவோம். பண்ணைப்புரத்து ராஜா 1976ல அன்னக்கிளியோட வந்த பொறகு, பேஸ் கிட்டார் பாட்டோட எலும்பாச்சு. அவருக்கு வாசிச்ச சசிதரன் பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா ஒவ்வொருத்தருக்கும் நோட்டேஷன் எழுதிக் குடுத்துருவாரு, பேஸுக்கும் சேர்த்துத்தான். ஆனா எழுதினதை அந்த உருண்டையோட, அந்த இடைவெளியோட நிறுத்துறது விரல்தான். "பனி விழும் மலர்வனம்" (நினைவெல்லாம் நித்யா, 1982) பாட்டை நல்ல ஹெட்போன்ல, பாடகரை மறந்துட்டு கீழ ஓடுறதை மட்டும் கேட்டுப் பாருங்க. அது துணை வாத்தியம் இல்ல, தனியா ஒரு பாட்டு. பிற்பாடு ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ். இவங்க பேரெல்லாம் கேசட் அட்டையில தேடினாக் கெடைக்காத காலம் ஒண்ணு இருந்துச்சு. ரஹ்மான் வாசிச்சவங்க பேரை அச்சுல போட ஆரம்பிச்சது நல்ல காரியம்.

சரி, ஊர்ல ஒருத்தன் பேஸ் வாசிக்க ஆசைப்பட்டா வாங்குறது எங்கன? சென்னை மவுண்ட் ரோட்டுல மியூசி மியூசிக்கல் இருக்கு. 1842ல மிஸ்குவித் கம்பெனியா ஆரம்பிச்ச கடை. ஆனா 1991க்கு முன்னாடி வெளிநாட்டுச் சாமான்னா லைசென்சு, சுங்கம்னு விலை எட்டாது. மெல்லிசைக் குழுக்காரங்களுக்கு வாய்ச்சது கல்கத்தாவுல செஞ்ச கிவ்சன், கிப்டோன் வகையறா. (கிப்சன் இல்ல, கிவ்சன். நல்லா வாசிங்க!) இல்லாட்டி கை மாறி வர்றது. குழு கலைஞ்சா வாத்தியம் அடுத்த குழுவுக்குப் போகும், அடகுக்குப் போகும், திரும்பி வரும். இதுல நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டைகளை வச்சுத்தான் நம்ம ஊரு மேடையெல்லாம் நின்னுச்சு.

இன்னிக்குப் பழசு வாங்கப் போறவங்க எங்க ஊரு வெயிலை மறந்துராதீங்க. கோவில்பட்டியில தீப்பெட்டித் தொழில் தழைச்சதுக்கு இந்தக் காய்ஞ்ச காத்தும் ஒரு காரணம். தீக்குச்சிக்கு ஒத்துக்கிடுற வறட்சி கிட்டார் மரத்துக்கு ஒத்துக்காது. ஈரக்காத்து ஊருல செஞ்ச கழுத்து இங்க வந்து சுருங்கும், மரம் உள்ள போகும், மெட்டுக் கம்பி நுனி மட்டும் வெளிய நீட்டி விரலைக் கிழிக்கும். கழுத்தோரத்துல விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிஞ்சுரும். அடுத்து, கழுத்தைக் கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிச்சு வளைவு பாருங்க. லேசா இருந்தா உள்ள இருக்க இரும்புக் கம்பியைத் திருகிச் சரி பண்ணிரலாம், முறுக்கிக்கிட்டு இருந்தா வேண்டாம். அப்புறம் வாரை மாட்டிக்கிட்டு ரெண்டு கையையும் விடுங்க. தலைப்பக்கம் கீழ சரிஞ்சா, கச்சேரி பூரா இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கணும். எடை மொத்தம் எத்தனைங்கறதைவிட அது எங்க நிக்குங்கறதுதான் தோளுக்கு முக்கியம்.

கடையில பெரிய பெட்டி ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுவாங்க, எல்லாமே கும்முனுதான் இருக்கும். கையோட ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டு போய் அதுலயும் ஒரு தடவை கேட்டுக்கோங்க அண்ணாச்சி. அதுல சுரம் சுரமா பிரிஞ்சு கேக்குற கிட்டாருதான் கொடை மேடையில கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.